கையால் தீட்டிய கிட்டார் பெடல் பெட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் திருவிழா கானமேளா ஆகட்டும், தேவாலயப் பாடகர் குழு ஆகட்டும், குமரி மாவட்டத்தில் கிட்டார் வாசிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த சிலர் காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றுகிற ஓவர்டிரைவ், ஃபஸ் (கரகரப்பு), டிலே (எதிரொலி) போன்ற பெடல்களை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். சர்க்யூட் வேலை செய்துவிடும். அப்புறம் மேசையில் வெறும் அலுமினியப் பெட்டி ஒன்று மிச்சமிருக்கும். அதை எப்படி அழகாக்குவது என்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சர்க்யூட் பற்றி இங்கே பேச்சில்லை, பெட்டியும் வண்ணமும் மட்டும்தான்.

எந்தப் பெட்டி வாங்கலாம்?

வார்ப்பு அலுமினியப் பெட்டிதான் வழக்கம். கனடாவின் ஹாமண்ட் நிறுவனம் தன் பெட்டிகளுக்கு வைத்த எண்களையே பெடல் செய்கிறவர்கள் அளவுப் பெயராகச் சொல்கிறார்கள். 1590பி என்றால் ஏறக்குறைய 112 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 31 மி.மீ. உயரம். 125பி மட்டும் மற்ற நிறுவனங்கள் சொல்லும் பெயர், ஹாமண்டில் அது 1590என்1; கொஞ்சம் பெரிது: 122 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம், 39 மி.மீ. உயரம் இருக்கும். 1590பிபி அகலமான பெட்டி, 119க்கு 94. இதே அளவுகளில் வேறு நிறுவனங்கள் வார்த்த பெட்டிகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன.

கையால் வரையப் போகிறீர்கள் என்றால் 125பி வாங்குங்கள். உயரம் கூடுதலாக இருப்பதால் கேபிள் செருகும் ஜாக்குகளைப் பின்பக்கச் சுவரில் வைத்துவிடலாம். இரண்டு பக்கச் சுவர்களும் வரைய முழுசாகக் கிடைக்கும். 1590ஏ என்ற குட்டிப் பெட்டியின் அகலம் வெறும் 38 மி.மீ.; திருகுகிற நாப்பும் மிதிக்கிற சுவிட்சும் போக ஒரு பூ வரையக்கூட இடம் தேறாது.

பிஸ்கட் டின், மரப்பெட்டி ஆகாதா?

டின் ஆகும். ஆனால் தகடு மெல்லியது, மிதிக்க மிதிக்கச் சுவிட்ச் இருக்கும் இடம் குழிந்துவிடும். உள்ளே ஒரு பலகைத் துண்டையோ கனமான தகட்டையோ தாங்கலாக வைக்க வேண்டும்.

மரம் அழகு. நம் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் அயனி, தேக்கு, ரப்பர் மரத் துண்டுகள் கேட்டால் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும்: உலோகப் பெட்டி வெளி மின் இரைச்சலை உள்ளே விடாமல் தடுக்கிறது, மரம் தடுக்காது. அதனால் உட்பக்கம் முழுக்கச் செம்புத் தகடு டேப் ஒட்டி, அதை சர்க்யூட்டின் கிரவுண்டோடு (பொது மின் இணைப்போடு) இணைக்க வேண்டும். ஃபஸ் மாதிரி ஒலியை அதிகமாகப் பெருக்கும் (அதிக கெயின் உள்ள) பெடலுக்கு இதைச் செய்யாமல் விட்டால் டியூப்லைட் இரைச்சலைக் கேட்டுக்கொண்டேதான் வாசிக்க வேண்டியிருக்கும்.

முதலில் துளையா, வண்ணமா?

துளை. எப்போதும் துளைதான் முதலில்.

தாளில் அச்சடித்த வரைபடத்தைப் பெட்டியின் மேல் ஒட்டி, சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி, 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டு, பிறகு ஸ்டெப் டிரில்லால் அகலப்படுத்துங்கள். நாப் மாட்டுகிற வழக்கமான 16 மி.மீ. பொட்டன்ஷியோமீட்டருக்கு 7 மி.மீ., கால் சுவிட்சுக்கு 12 மி.மீ., கிட்டார் ஜாக்குக்கு 9.5 முதல் 10 மி.மீ. வரை வேண்டும். வாங்கிய பாகத்தை ஒரு முறை கேலிப்பரில் அளந்து பார்த்துவிடுங்கள். ஓரத்துப் பிசிறை எடுத்த கையோடு எல்லாப் பாகங்களையும் ஒருதரம் மாட்டி, நாப்பையும் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடம் கண்ணுக்குத் தெரியும், எது மறையும் என்பது அப்போதுதான் புரியும். படம் வரைந்து முடித்த பெட்டியில் டிரில் வைத்தால் துளையோரப் பெயின்ட் செதில் செதிலாகத் தெறிக்கும்.

பெயின்ட் ஏன் உரிந்து வருகிறது?

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

காரணம் மூன்று. வார்ப்பிலிருந்து பெட்டி ஒட்டாமல் கழன்று வர, அச்சில் ஒரு எண்ணெயோ மெழுகோ பூசுவார்கள். அதன் மிச்சம் பெட்டியின் மேல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, அலுமினியம் காற்றுப் பட்டவுடனே தன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்ஸைடு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த வழவழப்பில் சாதாரணப் பெயின்ட்டுக்குப் பிடி கிடைக்காது. மூன்றாவது நம் கைதான். சுத்தம் செய்த பெட்டியை வெறுங்கையால் தூக்கினால் விரல் எண்ணெயும் வியர்வை உப்பும் மறுபடி ஒட்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் போட்டு நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். 220 எண் உப்புத்தாளால் எல்லாப் பக்கமும் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள், அப்புறம் 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஒரு சுற்று. தேய்க்காமல் விடுபட்ட இடம் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ அசிட்டோனையோ பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அதிலிருந்து கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், பிரைமரை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள், முட்டம், குளச்சல், மணக்குடி பக்கம் இருப்பவர்கள், தேய்த்த பெட்டியை ஒரு ராத்திரிகூட வெளியே வைக்காதீர்கள். கடற்காற்றின் உப்பு அலுமினியத்தில் படிந்து, அதன்மேல் பெயின்ட் அடித்தால் அடியிலேயே பொரிப்பொரியாக அரிப்பு கிளம்பி மேற்பூச்சைத் தூக்கிவிடும்.

எந்த பிரைமர்? வீட்டில் ரெட் ஆக்ஸைடு இருக்கிறது.

அதை வாசல் இரும்பு கேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெட் ஆக்ஸைடு இரும்புக்கானது. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர் வேண்டும். எட்ச் பிரைமரில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அது உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடிமானம் உண்டாக்கும். டிங்கரிங் பெயின்டிங் பட்டறைகளுக்குச் சரக்கு கொடுக்கும் வாகனப் பெயின்ட் கடைகளில் கேளுங்கள். மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரும் அலுமினியத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதிலுள்ள குரோமியம் உடலுக்குக் கெடுதல். வீட்டில் தேய்க்கும் வேலைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பவுடர் கோட்டிங் செய்துவிட்டு மேலே வரையலாமா?

தாராளமாக. அலுமினிய ஜன்னல் செய்கிறவர்களிடம் விசாரித்தால் எங்கே பவுடர் கோட்டிங் போடுகிறார்கள் என்று சொல்வார்கள். பெரிய ஆர்டர் ஒன்று அடுப்புக்குள் போகும்போது உங்கள் பெட்டியையும் சேர்த்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகும் பூச்சு அது. வீட்டில் அடிக்கிற எந்தப் பெயின்ட்டும் அந்த உறுதிக்கு வராது. திருகு போகும் துளைகளை மட்டும் அடைக்கச் சொல்லுங்கள். மலிவான வார்ப்புகளில் நுண்துளைகள் இருக்கும், சூட்டில் அந்தக் காற்று வெளியேறிக் கொப்புளம் விடலாம். வெறும் பெட்டியை முன்கூட்டி ஒருமுறை சூடாக்கி எடுத்தால் இது குறையும். வரையும் முன் 400 எண் தாளால் மேலோட்டமாகத் தேய்க்க மறக்காதீர்கள்.

நம் ஊர் ஈரத்தில் எப்போது ஸ்ப்ரே அடிப்பது?

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கும் மாவட்டம் இது. ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பர் வரை ஈரம் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். ஸ்ப்ரே வேலைக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் காலையில் அடிக்கலாம், சாயங்காலம் இடிமழை வரும் வாய்ப்பு உண்டு.

ஈரக்காற்றில் கிளியர் (படத்தைக் காக்கும் நிறமற்ற மேற்பூச்சு) அடித்தால் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் படலம் வரும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி அந்தக் குளிர்ச்சியில் நீராகி லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரில் இது ரொம்ப சகஜம். பதற வேண்டாம். வெயில் அடிக்கும் ஒரு நாள் பார்த்து, மெல்லியதாக இன்னொரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் படலம் கரைந்து தெளிந்துவிடும். பட்டறைகளில் மழைக்காலத்துக்கென்று மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சேர்த்து அடிப்பார்கள்.

மழைக்காலத்தில்தான் செய்தாக வேண்டுமென்றால் காலை பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுத்தால் துளிகள் பொடியாக விழும். அடுப்பின் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்துக்காரர்களுக்குப் பிரச்சினை வேறு. அங்கே கணவாய்க் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அதே காற்று உங்கள் ஈரப் பெயின்ட்டில் மணலையும் சருகையும் கொண்டுவந்து ஒட்டும். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே வைத்து அடியுங்கள். அடித்ததும் அதன் வாயை மெல்லிய துணியால் மூடிவிடுங்கள்.

கையால் வரைய எந்தப் பெயின்ட் நல்லது?

மூன்று வழி இருக்கிறது.

அக்ரிலிக் முதல்முறை வரைகிறவர்களுக்கு. தண்ணீரில் கலக்கலாம், சீக்கிரம் காயும், சரியில்லையென்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். ஸ்டேஷனரிக் கடையில் ஃபெவிக்ரில், கேம்லின் இரண்டும் இருக்கும். துணிக்கான வண்ணத்தை எடுத்துவிடாதீர்கள். அது துணியோடு வளைய வேண்டியதால் காய்ந்தபின்னும் மென்மையாக இருக்கும். புட்டியில் அக்ரிலிக் கலர் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எனாமல் நம் ஊர் போர்டு ஆர்ட்டிஸ்டுகளின் பெயின்ட். வழுக்கிக்கொண்டு ஓடும், கோடு நீளமாக அறுபடாமல் வரும், காய்ந்தபின் கண்ணாடி மாதிரி மினுங்கும். பொறுமை வேண்டும்: ஒரு நிறம் காய ஒரு நாள், முழுசாக இறுக ஒரு வாரத்துக்கு மேல். பெட்டியில் எழுத்து முக்கியம் என்றால் எனாமல்தான் என் விருப்பம். முடிந்தால் வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிற ஒரு கலைஞரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, தூரிகையைத் தன்னை நோக்கி இழுக்கிற அந்தப் பழக்கம் பெடல் பெட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

பெயின்ட் மார்க்கர் எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் வசதி. போஸ்கா வகை மார்க்கரில் இருப்பது தண்ணீரில் கலந்த அக்ரிலிக் நிறமி. சாதாரண பெர்மனன்ட் மார்க்கர் வேறு: அது ஆல்கஹால் மை, மேலே கிளியர் அடித்த நொடியில் ஊதா நிறமாகக் கசியும்.

ஒன்றின்மேல் ஒன்று அடிக்கும்போது ஒரு விதி. அக்ரிலிக்கின் மேல் எனாமல் நிற்கும், எனாமலின் மேல் அக்ரிலிக் நிற்காது. சரியாக இறுகாத எனாமலின் மேல் என்.சி. லாக்கரோ என்.சி. தின்னரோ பட்டால் படம் சுருங்கிப்போகும்.

என்ன வரையலாம்?

பெடலை யாரும் கையில் வைத்துப் பார்ப்பதில்லை. நின்றுகொண்டு, நாலைந்து அடி உயரத்திலிருந்து, அரைகுறை வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். பார்த்த மறுநொடி மிதிக்கிறார்கள். அந்தக் கண்ணுக்கும் அந்தக் காலுக்கும் வரைய வேண்டும். வால்பேப்பரிலிருந்து எடுத்த டிராகனும் மண்டை ஓடும் மேசையில் பிரமாதமாக இருக்கும், மேடையில் சாம்பல் கறையாகத் தெரியும். இரண்டு மூன்று அழுத்தமான நிறம், பெரிய வடிவம், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தெளிவான வித்தியாசம். இவை போதும்.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். நாப் என்பது ஏற்கெனவே ஒரு வட்டம். அதை மறைக்க வேண்டிய தொல்லையாக நினைக்காமல் படத்தின் பகுதியாக எடுத்துக்கொண்டால் வடிவம் தானாக வந்துவிடும். அப்படி எடுத்துக்கொள்ள நம் மாவட்டத்தில் எவ்வளவோ இருக்கிறது.

ஓணத்துக்கு வாசலில் போடும் அத்தப்பூவைப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை. நடுவில் நாப்பை வைத்துச் சுற்றிலும் அந்த வளையங்களை வரைந்தால் பெட்டியில் பாதி நிறைந்துவிடும். மூன்று நாப் இருந்தால் மூன்று பூக்களம்.

தோவாளையில் கட்டுகிற மாணிக்க மாலை இன்னொரு பெரிய பாடம். அரளிப் பூவை மடித்து, இடையில் நொச்சி இலை வைத்து, பாய் முடைந்ததுபோல் தட்டையாகப் பின்னுவார்கள். சிவப்பும் வெள்ளையும் பச்சையும் மட்டும். முழுக்க முழுக்க சிறு கட்டங்கள் என்பதால் மாஸ்கிங் டேப்பும் பட்டைத் தூரிகையும் இருந்தால் ஓவியம் தெரியாதவரும் வரையலாம். கரகரவென்று உறுமும் ஃபஸ் பெடலுக்கு இந்த நெருக்கமான வடிவம் ரொம்பப் பொருந்தும்.

சத்தத்தின் குணத்தைப் படத்துக்குக் கொண்டுவர வேண்டுமா? டிலே பெடலுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரத்தில், 28 தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிற பாலம் அது. முதல் தூணை அடர்ந்த நிறத்தில் வரைந்து, அடுத்தடுத்த தூண்களை மங்கலாக்கிக்கொண்டே போனால் எதிரொலி மங்குவது கண்ணுக்கே தெரியும். டிரெமலோ, ஃபேஸர் மாதிரிச் சுழலும் ஒலிக்கு முப்பந்தல் காற்றாலை: நாப் நடுவில், மூன்று இறக்கைகள் பெட்டியின் விளிம்புவரை, கோபுரம் நேராகச் சுவிட்சை நோக்கி இறங்குகிறது. வேகம் கூட்டும் நாப்பைத் திருப்புவதே காற்றாலையைத் திருப்புவதாகிவிடும். ரிவெர்புக்குத் திற்பரப்பு அருவி. பாறையைக் கறுப்பாகவே விட்டுவிட்டு, நீரை மேலிருந்து கீழ்வரை வெள்ளைப் பட்டைகளாக இழுத்துவிடுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் பூமுகத்தின் மரக்கூரையை நிமிர்ந்து பாருங்கள். செதுக்கிய பூக்கள், ஒன்று இன்னொன்றைப் போல் இருக்காது. 90 வகை என்பார்கள். மாடியில் மந்திரசாலை ஜன்னல்களில் நிற நிறமான மைக்கா பதித்திருக்கிறார்கள். கருத்த மரச் சட்டம், உள்ளே தட்டையான நிறம். அந்தச் சட்ட முறையைப் பெடலுக்குக் கொண்டுவந்தால் தூரத்திலிருந்தும் நன்றாகத் தெரியும்.

குளச்சல், தேங்காப்பட்டணம் கடற்கரைகளில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளங்களின் ஓரப்பட்டைகளும் அப்படித்தான். கடலில் தூரத்திலிருந்து அடையாளம் தெரிய வேண்டும் என்பதால் நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள், சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை. மேடையில் பெடலுக்கும் அதே தேவைதான்.

சாமி படம், சிலுவை, புனிதர் படம் வரையலாமா?

காலால் மிதிக்கிற பொருள். வேண்டாம் என்பதே என் கருத்து, திருவள்ளுவர் சிலையையும் சேர்த்தே சொல்கிறேன். காகிதத்தில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற வழக்கம் உள்ளவர்கள் நாம்; உங்களுக்கு உறுத்தாவிட்டாலும் பக்கத்தில் நிற்கும் கீபோர்டுக்காரருக்கு உறுத்தலாம். தேவாலயத்தில் வாசிக்கிற பெடலில் பக்தியின் அடையாளம் ஏதாவது வேண்டுமென்றால் கால் படாத மூடியின் உட்பக்கத்தில் ஒரு வசனம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே கோலம் போடலாம். அது தரைக்காகவே பிறந்தது.

எனக்கு வரையவே வராது. வழி உண்டா?

உண்டு. ஸ்டென்சில் வெட்டிப் பஞ்சால் ஒற்றலாம். பழைய காலண்டர் தாள், துணிக்கடை அச்சுப்படம் எதையாவது அளவாக வெட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டி, காற்றுக்குமிழைத் தேய்த்து வெளியேற்றி, மேலே கிளியர் கொடுக்கலாம். தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டுகிற வாட்டர்ஸ்லைடு டெக்கால் தாளில் அச்சடித்தும் ஒட்டலாம். இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் தண்ணீரில் போடுவதற்கு முன்பே அச்சின்மேல் கிளியர் தெளித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் மை கரைந்துவிடும்.

பிசிபி (சர்க்யூட் அச்சுப் பலகை) செய்கிறவர்களிடம் ஃபெரிக் குளோரைடு இருக்கும். லேசர் பிரிண்ட் எடுத்த படத்தை இஸ்திரிப் பெட்டியால் பெட்டியில் ஏற்றி, மற்ற இடங்களை டேப்பால் மூடி, கரைசலில் சில நிமிடம் வைத்தால் மூடாத இடம் அரிக்கும். பள்ளத்தில் கறுப்புப் பெயின்ட் நிரப்பி மேலே தேய்த்துவிட்டால் என்ன மிதித்தாலும் போகாத படம். ஆனால் அலுமினியம் ஃபெரிக் குளோரைடோடு மூர்க்கமாக வினைபுரியும்: சூடாகும், நுரைக்கும், ஹைட்ரஜன் வாயு வரும். கரைசலில் நிறையத் தண்ணீர் கலந்து, திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டு, சில நொடிகளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துச் செய்ய வேண்டும். பாத்திரத்தை மூடவே கூடாது. பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

வால்யூம், டோன் என்றெல்லாம் எழுத வேண்டுமா? தமிழில் எழுதலாமா?

எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். எழுத்தின் உயரம் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கொம்பும் சுழியும் உள்ள எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் விட வேண்டும், அதனால் நாப்பின் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே ஆரம்பியுங்கள். நாப் எவ்வளவு பெரிது என்று அளந்துவிட்டு எழுத வேண்டும், 20 மி.மீ. நாப் வைத்தபின் எழுத்தில் பாதி அடியில் போய்விடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளையோ கிரீமோ எழுதினால் மேடையில் படிக்கலாம். சிவப்பு மேடை விளக்கில் சிவப்பு எழுத்து காணாமல் போகும்.

எந்தப் பெடலுக்கு எந்த நிறம் என்று வழக்கம் ஏதாவது இருக்கிறதா?

சட்டம் இல்லை, பழக்கம் உண்டு. பாஸ் நிறுவனம் 1977இல் சின்னப் பெடல் வரிசையைத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு நிறம் கொடுத்து வந்தது. 1978இல் வந்த டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் ஆரஞ்சு. எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90ம் ஆரஞ்சுதான். ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் பச்சை என்பதால் ஓவர்டிரைவ் என்றாலே பச்சை தீட்டுகிறவர்கள் நிறைய. கையால் தீட்டுவதை ஒரு அடையாளமாகவே ஆக்கியது அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து இசட்.வெக்ஸ் நிறுவனம். உங்கள் பெடல்போர்டில் பக்கத்துப் பக்கத்துப் பெடல்கள் ஒரே நிறமாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் இருட்டில் கால் தடுமாறாது. எல்இடி நிறத்தையும் யோசியுங்கள்: சிவப்புப் பெட்டியில் சிவப்பு எல்இடி எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

கிளியர் கோட் எத்தனை அடிக்க வேண்டும்?

எண்ணிக்கையைவிட மெல்லியதாக அடிப்பது முக்கியம். முதல் இரண்டு பூச்சும் வெறும் தூறல், பெட்டி முழுசாக நனையவே கூடாது. அப்போதுதான் அடியிலுள்ள மார்க்கரும் அக்ரிலிக்கும் கலையாமல் பூட்டிக்கொள்ளும். பிறகு பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் நாலைந்து பூச்சு, கேனில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி. சுவிட்சைச் சுற்றியுள்ள இடத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாகக் கொடுங்கள், தேய்வதெல்லாம் அங்கேதான். எந்தக் கிளியராக இருந்தாலும் முதலில் ஒரு தகட்டுத் துண்டில் உங்கள் மார்க்கரால் கிறுக்கி, அதன்மேல் அடித்துச் சோதியுங்கள்.

பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் எல்லாவற்றையும்விடக் கெட்டி. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரவைக்கும், சாதாரண மாஸ்க் போதாது. பெட்டியைப் பெயின்டிங் பட்டறைக்குக் கொடுத்து, காருக்கு அடிக்கும்போது சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள்.

எபாக்ஸி ரெசின் ஊற்றலாமா?

ஊற்றினால் கண்ணாடிப் பலகை வைத்ததுபோல் பளபளக்கும். துளைகளை உட்பக்கத்திலிருந்து டேப்பால் அடைத்து, பெட்டியை நீர்மட்டம் பார்த்துச் சமமாக வைத்து, சொன்ன விகிதத்தில் சரியாகக் கலந்து ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் மேலே பிசுபிசுப்பு வரும். வெயிலில் வைத்தால் நாளாக ஆக மஞ்சளிக்கும், வெள்ளை நிறத்தில்தான் அது அதிகம் தெரியும்.

வண்ணம் தீட்டியபின் ஹம் சத்தம் வருகிறதே?

பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஜாக்கின் கிரவுண்ட் பெட்டியைத் தொடுவது அதன் நட்டும் வாஷரும் உலோகத்தில் அழுந்துகிற இடத்தில்தான். அங்கே பெயின்ட் இருந்தால் பெட்டி தனித்துப் போய் ஆன்டெனா ஆகிவிடும். ஒரு ஜாக் துளையின் உட்பக்கத்தைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குங்கள். மூடி பெட்டியோடு பொருந்தும் விளிம்பிலும் கொஞ்ச இடம் வெறுமையாக இருக்க வேண்டும். பின்பு மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பைச் சோதிக்கும் நிலையில்) வைத்து, ஜாக்கின் கிரவுண்ட் முனையிலும் மூடியின் திருகிலும் தொட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் சரி.

வேலை தொடங்கும் முன்பே உட்பக்கம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் இந்தச் சுரண்டலே வேண்டாம்.

எப்போது பாகங்களை மாட்டலாம்?

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம், இறுகியதற்கு அல்ல. நகத்தால் மறைவான ஓர் இடத்தில் அழுத்துங்கள், தடம் விழுந்தால் இன்னும் காத்திருங்கள். ஸ்ப்ரே கிளியருக்கு ஒரு வாரம், எனாமலுக்கு இரண்டு வாரம் கொடுப்பது நல்லது. நட்டுக்கு அடியில் நைலான் வாஷர் வைத்தால் வட்டத் தழும்பு விழாது. கிரவுண்டுக்காகச் சுரண்டியது உட்பக்கத்தில் என்பதால் இது அதைப் பாதிக்காது.

கம்பெனிப் பெடலை உரித்துவிட்டுப் புதிதாக வரையலாமா?

உங்கள் பொருள், உங்கள் இஷ்டம். வாரண்டி போய்விடும், பழைய பெடலாக இருந்தால் மறுவிலையும் விழும். அடியிலுள்ள சீரியல் எண்ணைத் தொடாதீர்கள்.

உடல்நலத்துக்கு எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்ப்ரே வெளியில்தான், கரியடைத்த வடிகட்டி உள்ள மாஸ்க்கோடு. உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. பரணில் கிடக்கும் பழைய எனாமல் டின்னை எடுக்காதீர்கள்: இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய சரக்கில் ஈயம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், மஞ்சளிலும் ஆரஞ்சிலும் குறிப்பாக.

வரைந்து விற்கலாமா?

விற்கலாம். பெரிய நிறுவனங்களின் பெயரையும் லோகோவையும் உங்கள் பெட்டியில் எழுதாதீர்கள், அது வர்த்தகக் குறி மீறல். விலை சொல்லும்போது வரைந்த மணிநேரத்தையும் கணக்கில் சேருங்கள். பெட்டிக்கும் பாகங்களுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு ஓவியத்தைச் சும்மா கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடற்கரை மேடையில் வாசித்துவிட்டு வந்தால் என்ன செய்வது?

அன்று ராத்திரியே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். நாப்பைக் கழற்றி அடியையும் துடைக்க வேண்டும். மூடித் திருகுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றி, மரையில் துளி கிரீஸ் தடவி முடுக்குங்கள். சாதாரண இரும்புத் திருகு உப்புக்காற்றில் துருப்பிடித்து அலுமினியத்தோடு இறுகிவிட்டால், பேட்டரி மாற்றக்கூடத் திறக்க வராது.